கே.பி. வெங்கடபதி என்கிற மாசாணம்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறது. ‘பெயரியல் பேரரசு கே.பி. வெங்கடபதி. உங்கள் பெயரே உங்கள் விதி.’ ஓரத்தைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாகச் சின்ன விளக்குகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பேரரசுக்கு ஏறுகிற மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. படிக்குக் கீழே என் பூக்கடை. பேரரசரைப் பார்க்க யார் வந்தாலும் என் பூக்கூடையைத் தாண்டித்தான் ஏற வேண்டும்.

அவர் பேர் வெங்கடபதி இல்லை. மாசாணம். வால்பாறையில் ஒரே எஸ்டேட்டில், அடுத்தடுத்த லைன் வீட்டில் பிறந்தோம். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் ஒட்டுக்காகப் படித்தோம். வாத்தியார் பேர் கூப்பிடும்போது மயிலாத்தாள் என்று என்னைக் கூப்பிட்டதும் அடுத்தது மாசாணம்தான். அதனால் இந்தக் கதையில் பள்ளிக்கூடத்து ஆளை அவன் என்றும், போர்டு மாட்டின ஆளை அவர் என்றும் சொல்கிறேன். மரியாதை போர்டுக்கு.

அந்தப் பேர் வந்த கதையை அவன் அம்மா பொன்னாத்தாள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளையும் தொட்டிலிலேயே போய்விட்டது. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது மலையிறங்கி ஆனைமலைக்குப் போய், மாசாணியாத்தாள் சன்னிதியில் ஈரச் சேலையோடு விழுந்து கும்பிட்டாள். ஆத்தா அங்கே படுத்த கோலத்தில் இருப்பாள். மயானத்தில் படுத்தவள், அதனால்தான் மாசாணி என்று பேர் வந்தது என்பார்கள். “எமன் வந்து எட்டிப் பாத்தான்னா, இது முன்னமே மயானத்துக்கு எழுதி வெச்ச பிள்ளைன்னு நெனச்சுட்டுத் திரும்பிப் போயிருவானில்ல, அதுக்குத்தான் அந்தப் பேரு” என்று பொன்னாத்தாள் சொல்வாள். எமனையே ஏமாற்றப் பெற்றவள் கண்டுபிடித்த பேர் அது. பிள்ளை பிழைத்தது. பிழைத்த பிள்ளை என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

பதினேழு வயதில் அவன் நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சிங்காநல்லூரில் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். சூப்பர்வைசர் பாலகோபால் என்று ஒருவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். காலை ஷிப்டில் ஆட்களைப் பேர் சொல்லி நிறுத்துவார். இவன் முறை வந்ததும், “காலங்காத்தால சுடுகாட்டக் கூப்பிடச் சொல்றியாடா? ஏய் நாப்பத்தேழு, வாடா இங்க” என்பார். நாற்பத்தேழு என்பது அவன் டோக்கன் நம்பர். ஆறு வருசம் அவனை அந்த மில்லில் ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. இந்த இடம் வரைக்கும் எனக்கு அவன் மேல் இரக்கம்தான். எங்கள் சனத்துக்கு வைத்த பேரைச் சொல்லக் கூச்சப்பட்டவர்கள், எங்கள் கையால் ஓட்டின நூலுக்குக் கூச்சப்பட்டதில்லை.

ஆனால் பாலகோபால் செய்த அவமானத்தை அவன் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய பெருமையைத்தான் வைத்துக்கொண்டான். டீ நேரத்தில் அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “நாங்கல்லாம் கொத்தபாவி வாருடா. எங்க ஊட்டுப் பேரைச் சொன்னா பஸ்ஸே நிக்கும்” என்று பேசுவாராம். அந்த ஆட்களுக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுப் பேர் உண்டு. இண்டிபேரு என்பார்கள். கொத்தபாவி என்றால் புதுக்கிணறு, வாரு என்றால் வீட்டார். எந்தக் காலத்திலோ எந்தத் தாத்தனோ புதுக்கிணறு வெட்டியிருப்பார், பேர் ஒட்டிக்கொண்டது. தெலுங்கில் பாவி என்றால் கிணறாம். எனக்கென்னவோ எங்கள் பேரரசர் விசயத்தில் தமிழ் அர்த்தமே பொருத்தமாகப் படுகிறது.

மில் மூடினார்கள். அவன் பஸ் ஸ்டாண்டில் லாட்டரிச் சீட்டு விற்றான். எந்த நம்பருக்கு யோகம், எந்த நம்பருக்கு நாசம் என்று அங்கே நின்று பேசிப் பழகிய வாய். லாட்டரியைச் சர்க்கார் தடை செய்ததும், சீட்டைக் கீழே போட்டுவிட்டு நம்பரை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டான். ஏறும்போது மாசாணம். போர்டு மாட்டும்போது கே.பி. வெங்கடபதி. கெஜட்டில் பணம் கட்டி முறைப்படி மாற்றின பேர், அதில் கள்ளம் இல்லை. கருப்பன் என்கிற அப்பா பேரில் இருந்து ‘கே’ என்ற ஒரு எழுத்தை மட்டும் அவர் விட்டுவைத்தார். அதோடு ஒரு ‘பி’யைச் சேர்த்தார்.

“கே.பி.ன்னா என்னங்க?” என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

“குடும்பப் பேருங்க. கொத்தபாவி. பூர்வீகம் நெல்லூர்ப் பக்கம்.”

நெல்லூர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

பொண்டாட்டி சரசாளை வெங்கடலட்சுமி ஆக்கினார். மூன்று வயசு மகளுக்கு லாஸ்யா என்று மாற்றி வைத்து, இங்கிலீசில் ஆறேழு எழுத்து வருகிற மாதிரி இழுத்து எழுதினார். அதோடு நிறுத்தியிருந்தால் ஒருத்தருக்கும் நட்டமில்லை. தன் பேரை மாற்றிக்கொள்வது அவனவன் இஷ்டம். நான் முகம் சுளிப்பது அதற்கில்லை. தனக்கு இருந்த கூச்சத்தை ஊரெல்லாம் விற்றார் பாருங்கள், அதற்குத்தான்.

ஒருநாள் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பனியன் கம்பெனிக்குப் போகிறவள். குழந்தைக்கு அடிக்கடி சளி. அவர் அன்றைக்குப் படியிறங்கி என் கடை முன்னாலேயே நின்று பார்த்தார்.

“பேரு என்னங்க அம்மணி?”

“யுவஸ்ரீங்க.”

“அதான் சளி.”

“ஏனுங்க, பேர்ல என்னங்க குத்தம்?”

“பேர்ல குத்தமில்லைங்க, எழுத்துல குத்தம். இங்கிலீசுல ரெண்டு ஆர் போடணும், கடைசில ரெண்டு ஈ போடணும். போட்டுட்டு நாப்பத்தெட்டு நாள் நூத்தெட்டு தடவை எழுதுங்க.”

அந்தத் தாய்க்கு இங்கிலீசு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, கோலம் போடுகிற மாதிரி நாற்பத்தெட்டு நாளும் வரைந்தாள். சளி நின்றது, மழைக்காலம் முடிந்ததால். நாலு வருசம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், பிறப்புச் சான்றிதழில் ஒரு யுவஸ்ரீ, ஆதாரில் ஒரு யுவஸ்ரீ, ரேஷன் கார்டில் மூன்றாவதாக ஒரு யுவஸ்ரீ. ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு மூன்று பிள்ளைக்கு அலைந்தாள் பாவம். கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போது எந்த ஐயரும் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி நான் பார்த்ததில்லை. பேரைச் சொன்னால் சாமிக்கு ஆள் தெரிந்துவிடுகிறது.

என்னையும் விடவில்லை. ஆட்கள் இருந்தால் நான் ‘பூக்காரம்மா’. யாரும் இல்லாவிட்டால் ‘மயிலு’.

“மயிலு, மயிலாத்தாள்ங்கிற பேரை வெச்சுட்டு இப்படியே படிக்கட்டுக்குக் கீழதான் உக்காந்திருக்கோணும். மயூரான்னு மாத்திக்கோ. இந்தப் பூக்கடை பொக்கே ஷாப்பா ஆயிரும்.”

“நீ மாத்தி இருபது வருசமாச்சே, முட்டி வலி போச்சா?”

உடனே மாடி ஏறிப்போவார். கைப்பிடி இல்லாத படி, ஒவ்வொன்றாகத்தான் ஏறுவார்.

ஒன்று சொல்ல வேண்டும். பொன்னாத்தாள் கடைசி வரைக்கும் அந்த லைன் வீட்டில்தான் இருந்தாள். ஒருநாள் அவர் இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. போன் என் பலகை மேல் இருந்தது. எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ‘எஸ்டேட் பார்ட்டி’ என்று இருந்தது. அவர் கட் செய்தார். திரும்பவும் அடித்தது. அன்றைக்கு மாலையே வால்பாறையிலிருந்து என் தம்பி எனக்குக் கூப்பிட்டான். “பொன்னாத்தாளுக்கு முடியலைக்கா, மகனுக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்கறான்.” அப்போதுதான் அந்தப் பார்ட்டி யாரென்று விளங்கியது. அடக்கத்துக்குக் காரில் வந்தார். தேயிலைச் செடி ஓரமாகவே நின்று, வேட்டியில் அட்டை ஏறுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருசம் ஆகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசில் கசப்பு ஏறுகிறது. அப்படி ஏறுவது பாவம் என்று வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு கூடுதலாகப் போடுகிறேன். விளக்கு எரிகிறது. கசப்பும் போகவில்லை.

இப்படிப்பட்டவருக்கு லாஸ்யா மாதிரி ஒரு பிள்ளை. ஐ.டி. கம்பெனியில் வேலை. பஸ் இறங்கினால் நேராக வீட்டுக்குப் போகமாட்டாள். என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நாரைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே ஆபீஸ் கதை எல்லாம் சொல்வாள். அதில் அடிக்கடி வம்சி என்று ஒரு பேர் வந்தது. நாலாவது தடவை வந்தபோது, “என்ன கண்ணு, அந்தக் கம்பெனியில வேற ஆளே வேலை செய்யறதில்லையா?” என்றேன். சிரித்தாள். அவ்வளவுதான், விசயம் தெரிந்துபோயிற்று.

பையன் சோமனூர்ப் பக்கம். அப்பா ஸ்ரீனிவாஸ் தறிப் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டில் தெலுங்கு. பெண்ணின் அப்பா கே.பி. வெங்கடபதி என்றதும், நம்ம ஆட்கள்தான் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள். இவரும் இல்லையென்று சொல்லவில்லை. லாஸ்யாவுக்கு அப்பா சொன்ன நெல்லூர்க் கதைதான் தெரியும். அவள் குழந்தையிலிருந்தே அதை நம்பி வளர்ந்தவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூக்கட்ட என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். கூடம் முழுக்க எனக்குத் தெரியும். ஸ்ரீனிவாஸ், வம்சி, ஸ்ரீனிவாஸின் அக்கா பங்காரம்மா, மூன்று பேரும் சோபாவில். பங்காரம்மாவுக்கு எழுபது வயசிருக்கும், காதில் வைரத்தோடு. அவர்கள் வீட்டில் அவள் சொன்னால்தான் எதுவும் நடக்கும் என்பது பார்த்தாலே தெரிந்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது. ஸ்ரீனிவாஸ் கேசரியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வம்சி லாஸ்யாவைப் பார்ப்பதும் சீலிங் ஃபேனைப் பார்ப்பதுமாக இருந்தான்.

பங்காரம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “மீ இண்டிபேரு ஏமண்டி?” என்று கேட்டாள். உங்கள் வீட்டுப் பேர் என்னங்க என்று அர்த்தம். மில்லில் கேட்டுப் பழகின அளவுக்கு அவருக்கும் அது புரிந்தது.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மனுசன் இருபது வருசமாகக் காத்திருந்தார் போல. முதுகை நிமிர்த்தினார். மீசை இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டார்.

“கொத்தபாவிங்க!”

பங்காரம்மா தன் தம்பியைப் பார்த்தாள். தம்பி கேசரித் தட்டைப் பார்த்தார்.

“என்னங்க சொன்னீங்க?”

“கொத்தபாவி வாருங்க. பரம்பரையா.”

ஸ்ரீனிவாஸ் தட்டைத் தள்ளி வைத்தார். “அடக் கடவுளே. நாங்களும் கொத்தபாவிதானுங்களே! மாமன் மச்சானாகலாம்னு வந்தோம், பங்காளியாயிட்டோமே!”

பேரரசருக்கு அதுவும் விளங்கவில்லை. “அப்புறமென்னங்க, இன்னும் நெருக்கமாப் போச்சு. சந்தோசம்!” என்று கையை நீட்டினார்.

பங்காரம்மா எழுந்துவிட்டாள். “என்னங்க சந்தோசம்? ஒரே ஊட்டுப் பேருன்னா ஒரே ரத்தமுங்க. இவனும் அம்மிணியும் அண்ணன் தங்கச்சி முறை. இது தெரியாமயா ஒரு மனுசன் பொண்ணைப் பெத்து வெச்சிருக்கீங்க?”

எனக்கு வாயில் இருந்த நார் விழுந்துவிட்டது. சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் பேர் வைக்கிற பேரரசர், அந்தப் பேர் எதற்கு இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டுப் பேர் என்றால் சட்டைப்பையில் குத்திக்கொள்கிற பேனா மாதிரி ஒரு அழகு என்றே நினைத்திருக்கிறார். அந்தச் சனத்தில் அதற்கு இருக்கிற முதல் வேலையே யார் யாருக்குள் கல்யாணம் ஆகக்கூடாது என்று சொல்லித் தடுப்பதுதான். ஆயிரம் வீட்டுப் பேர் இருக்கிற இடத்தில், மகளின் கல்யாணத்தைத் தடுக்கிற ஒன்றைத் தேடிப் பிடித்து இருபது வருசம் போர்டில் விளக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஆனால் லாஸ்யாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை வம்சியைப் பார்க்கவே பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவர் என் கடை முன்னால் நின்றபடியே பங்காரம்மாவுக்குப் போன் போட்டார். காது சரியாகக் கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“அம்மா, நேத்து பதட்டத்துல மாத்திச் சொல்லிப்போட்டேனுங்க. எங்க ஊட்டுப் பேரு அது இல்லீங்க.”

“பின்ன எதுங்க?”

“அது... கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்றேனுங்க.”

“கணக்குப் போட்டா? ஊட்டுப் பேரு என்ன சட்டைங்களா, கசங்கினா வேற மாத்திப் போட? எந்த ஊரு நீங்க? உங்க பங்காளி ஒருத்தர் பேரைச் சொல்லுங்க, நான் விசாரிச்சுக்கறேன்.”

அவர் கட் செய்துவிட்டார். எஸ்டேட் பார்ட்டியைக் கட் செய்த அதே விரல்.

நான் கேட்டேன், “மாசாணம், நான் ஒண்ணு சொல்லட்டுமா?”

“மெதுவா பேசு, மயிலு.”

“பிள்ளைகிட்ட உம்பட நெசப் பேரைச் சொல்லிப்போடு. ஒத்தை வார்த்தை. அண்ணனும் இல்லை தங்கச்சியும் இல்லைன்னு ஆயிரும்.”

“அந்தப் பேரைச் சொன்னா மட்டும் அவங்க பொண்ணெடுத்துப் போடுவாங்களா?”

“அது அவங்க பாடு. அவங்க வேண்டாம்னா அவங்க புத்தி. இப்ப கல்யாணம் நின்னிருக்கறது உன்ற பொய்யினாலதான?”

அவர் அண்ணாந்து போர்டைப் பார்த்தார். பகல் வெளிச்சத்திலும் விளக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“சொன்னேன்னா இதைக் கழட்டோணும், மயிலு.”

நான் ஒரு பெரிய மனுசப் பதிலை எதிர்பார்த்துவிட்டேன். மகளுக்கு அவமானம் வரும், பொண்டாட்டி தாங்கமாட்டாள், இப்படி ஏதாவது. அவர் கவலை பச்சை சிவப்பு விளக்கைப் பற்றி. இரண்டு முழம் பூவை வாங்கிக்கொண்டு மாடி ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு அவருக்குப் பூ அளந்த கையை நான் கழுவிக்கொண்டேன்.

நாலாம் நாள் லாஸ்யா வந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை.

“அம்மா, எங்கப்பாவை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? அன்னைக்கு எல்லாரும் திகைச்சு நின்னப்ப நீங்க மட்டும் வாயப் பொத்திட்டுச் சிரிச்சீங்க. நான் பாத்தேன்.”

ஒருத்தர் பேரை அவர்தான் சொல்ல வேண்டும், அடுத்தவர் சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை வருசம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பிள்ளையின் கண் வீங்கியிருந்தது. நான்கு நாளாக வம்சியின் போனை எடுக்கவில்லையாம். அண்ணன் முறை என்றால் என்ன பேசுவது என்று தெரியவில்லையாம். ஆத்தாளை மனசில் நினைத்துக்கொண்டேன்.

“உங்கப்பன் பேரு மாசாணம், கண்ணு. நெல்லூரும் இல்லை, கொத்தபாவியும் இல்லை. வால்பாறை எஸ்டேட்டு லைன். எங்க சனம். எனக்கு அடுத்த பேரு.”

அழுவாள் என்று நினைத்தேன். பெரிதாகச் சிரித்தாள். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்ப நானும் வம்சியும் அண்ணன் தங்கச்சி இல்லீங்களா?”

“ஒரு மண்ணும் இல்லை.”

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கூடை கவிழ்ந்து அரளி எல்லாம் படியில் கொட்டியது. எந்தப் பேருக்காக அவள் அப்பன் ஒளிந்து திரிந்தானோ, அந்தப் பேர் வந்து அவளைக் காப்பாற்றியது. கொட்டின அரளியைப் பொறுக்கிக்கொண்டே அந்தப் பேரின் அர்த்தத்தைக் கேட்டாள். எமனை ஏமாற்றின கதையைச் சொன்னேன். பொன்னாத்தாளைப் பற்றியும் சொன்னேன். எஸ்டேட் பார்ட்டியை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கே வம்சியிடம் சொன்னாள். வம்சி வீட்டில் சொன்னான். அங்கே நடந்ததை அவன்தான் பிறகு என் கடையில் உட்கார்ந்து சொன்னான். ஸ்ரீனிவாஸ், “இதுக்குப் பங்காளியாவே இருந்திருக்கலாம்” என்றாராம். பங்காரம்மா, அந்த வீட்டில் காப்பி குடித்துவிட்டோமே என்று ஒரு நாள் பூரா சாப்பிடவில்லையாம். ஒரே ரத்தம் என்றால் கல்யாணம் கூடாது, வேறே ரத்தம் என்றாலும் கூடாது. பின்னே எந்த ரத்தத்தில்தான் கூடும்? இரண்டாவது தடவை கேட்டு வாங்கின கேசரி அன்றைக்கு இனித்ததா இல்லையா என்று ஸ்ரீனிவாஸிடம் கேட்க ஆசை. அவர்களையும் இவரையும் ஒரே தராசில் வைத்தால் முள் நடுவில்தான் நிற்கும்.

வம்சி நல்ல பையன். “எனக்கு ஊட்டுப் பேரும் வேண்டாம், ஊடும் வேண்டாம்” என்று இரண்டு பையோடு வந்துவிட்டான்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து போட என்னையும் கூப்பிட்டார்கள். மயிலாத்தாள் என்று நிறுத்தி நிதானமாக எழுதினேன். தகப்பனார் பேர் என்ற இடத்தில் லாஸ்யா ஆதாரில் இருக்கிறபடி வெங்கடபதி என்றே எழுதினாள். “சர்க்காருக்கு இது போதும்மா” என்றாள். அன்றைக்கு அவள் அம்மா வெங்கடலட்சுமி வந்தாள். அப்பா வரவில்லை. வருகிறவர்களுக்கு அதிர்ஷ்டப் பேர் வைக்கிற நாளாம்.

“நாளைக்கு ஆனைமலைக்குப் போய் ஆத்தாளுக்கு அர்ச்சனை பண்ணப்போறோம், வாங்கப்பா” என்று லாஸ்யா போன் போட்டாள். “பாக்கறேன்” என்றாராம்.

மறுநாள் பொள்ளாச்சி போய், பஸ் மாறி ஆனைமலையில் இறங்கினோம். நான் கட்டின மாலை இரண்டையும் மடியில் வைத்தே கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை, நிற்க இடமில்லை. மிளகாய் அரைத்துப் பூசுகிறவர்கள் ஒரு பக்கம். தன்னை ஏமாற்றினவன் பேரைச் சொல்லி ஆத்தாளிடம் நியாயம் கேட்டு, அங்கே கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவது வழக்கம். வெங்கடலட்சுமி அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரிசைக்கு வந்துவிட்டாள்.

அர்ச்சனைத் தட்டை வாங்கின பூசாரிக்கு மணிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

“பேரு?”

“லாஸ்யா, வம்சி.”

“பொண்ணோட அப்பா பேரு? சத்தமாச் சொல்லும்மா!”

லாஸ்யா ஒரு எட்டு முன்னால் போனாள். வயிற்றிலிருந்து குரலெடுத்து, கோயில் பூராவும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“மாசாணம்!”

அந்தப் பக்கத்தில் மாசாணத்துக்குப் பஞ்சமா? கூட்டத்தில் மூன்று பேர் சட்டென்று திரும்பினார்கள். ஒருவர் கைக்குழந்தையோடு வந்திருந்த பெரியவர். இன்னொருத்தன் இளநீர்க் கடைக்காரன். மூன்றாமவன் தூண் மறைவில், சலவைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நின்றுகொண்டிருந்தான். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டால் தலை எப்படித் திரும்புமோ, அதே மாதிரி திரும்பினான். ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லாததுதான் பாக்கி.

அவன் கண்ணும் என் கண்ணும் ஒரு நொடி பார்த்துக்கொண்டன. லாஸ்யாவும் பார்த்துவிட்டாள். “அப்பா!” என்று கையைத் தூக்கினாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தான். “ஆங், சொல்லுங்க பார்ட்டி, வெங்கடபதிதான் பேசறேன்” என்று பேசிக்கொண்டே, வந்த வழியாகவே வெளியே நடந்தான்.

போன் அடிக்கவே இல்லை. எப்போதும் ஸ்பீக்கரில் பேசுகிறவன் அன்றைக்குக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு போனான்.